கருவி ஒரே நாளில் மாறும், உடல் மாற நாளாகும்

வெண்ணந்தூர் வீதிகளில் காலையில் நடந்தால் இரண்டு விதமான தறிச் சத்தம் காதில் விழும். ஆள் மூச்சு விடுகிற நிதானத்தில் வருவது கைத்தறி. இடைவெளியே விடாமல் அடித்துக்கொண்டிருப்பது விசைத்தறி. நாமக்கல் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகளில்கூட இருக்கின்றன. குழித்தறியில் தொடங்கிய குடும்பங்கள் விசைத்தறிக்கு வந்தன. வசதியுள்ள பட்டறைகள் இப்போது, குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமக்கும் நாடா இல்லாத தறிகளை நோக்கி நகர்கின்றன.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தறி என்ன விலை, கடன் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, மீட்டருக்குக் கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். அந்தத் தறியின் முன்னால் நிற்கப்போகிற உடலுக்குப் பழக எத்தனை நாள் வேண்டும் என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. அதைப் போடாததன் விலையை விரலும் முதுகும் காதும் கொடுக்கின்றன.

கனடாவின் டொரன்டோ நகரில் இருக்கும் வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம், பணியிடக் காயங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அது திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது: ஓராண்டுக்கு மேல் ஒரு வேலையில் இருப்பவரைவிட, அந்த வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு, விடுப்பு எடுக்கும் அளவுக்குக் காயம் படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். இதை வயது குறைந்தவர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நாற்பது வயதில் புது வேலைக்கு வருபவருக்கும் அந்த முதல் மாதம் ஆபத்தானதுதான்.

ஏன் அப்படி? விடை நம் மூளையிலும் தசையிலும் எலும்பிலும் இருக்கிறது.

நின்றால் நிற்கும் தறி

குழித்தறி நெசவாளரின் உடல் தறியின் ஓர் உறுப்பு. குழிக்குள் தொங்கும் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க, பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. வலக்கை கயிற்றை வெட்டி இழுக்க, நாடா அந்த இடைவெளியில் ஓடுகிறது. இடக்கை பலகையை இழுத்து ஊடை நூலை நெருக்கி அடிக்கிறது. இழை அறுந்தால் கை தானாகவே பாவுக்குள் போய் முடிச்சுப் போடுகிறது. அதில் எந்த ஆபத்தும் இல்லை. நெசவாளர் நின்றால் தறியும் நின்றுவிடும்.

அதே மனிதர் விசைத்தறிக்கு வருகிறார். உட்கார்ந்து வேலை செய்தவர் இப்போது நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பல தறிகளைப் பார்க்க வேண்டும். இரு முனையிலும் இரும்புக் கூர் பொருத்திய நாடா, நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிறது. இழை அறுவது கண்ணில் படுகிறது. பல வருடப் பழக்கத்தில் கை உடனே பாவை நோக்கிப் போகிறது. ஆனால் இந்தத் தறி, ஆள் நின்றதற்காக நிற்காது. கைப்பிடியைத் தள்ளி நிறுத்த வேண்டும், பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். பழைய தறியில் திறமையாக இருந்த அதே அசைவு, புதிய தறியில் விரலைக் கொடுக்கும் அசைவாகிவிடுகிறது.

விசைத்தறியிலிருந்து நாடா இல்லாத தறிக்குப் போகிறவருக்கும் இதுவே நடக்கிறது. தேர்ந்த விசைத்தறிக்காரர் காதால் வேலை செய்பவர். பத்துத் தறி ஒன்றாக ஓடினாலும் ஒன்றின் தாளம் பிசகினால் அவருக்குத் தெரிந்துவிடும். புதிய தறியோ இழை அறுந்தால் தானே நின்று விளக்கைப் போட்டுக் காட்டுகிறது. இப்போது கண் விளக்கைத் தேடப் பழக வேண்டும். நாடா பறந்து வந்து அடிக்கும் அபாயம் போய்விட்டது. நின்றிருக்கும் தறியை அணைந்த தறி என்று நம்பிக் கை வைக்கும் புது அபாயம் வந்திருக்கிறது.

சிறுமூளை போடும் கணக்கு

நாம் ஓர் அசைவைச் செய்யும்போது, அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. இந்த வேலையில் பெரும்பங்கு தலையின் பின்புறம் அடியில் இருக்கும் சிறுமூளையுடையது. கணிப்பும் நடந்ததும் பொருந்தினால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி போகிறது, அடுத்த முறைக்கான கணக்குத் திருத்தப்படுகிறது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தரையில் தடுமாறுகிறோமே, அந்தத் தடுமாற்றம்தான் கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசம். புதுக் கருவி வந்த முதல் நாட்களில் உடல் முழுவதும் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறது.

இந்தத் திருத்தத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். காட்சியை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு பொருளைத் தொட முயன்றால், கை முதலில் தவறிப்போகும். பல முறை முயன்றபின் சரியாகத் தொடும். கண்ணாடியைக் கழற்றியதும் கை எதிர்ப்பக்கம் தவறும். புதுக் கணக்கு உடலில் ஏறிவிட்டது என்பதற்கு அந்த எதிர்ப்பக்கப் பிழையே சான்று.

இந்த அறிவு சொல்லால் ஏறுவது இல்லை என்பதற்கும் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியாதவரானார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் மொலைசனின் கை நன்றாகத் தேறியது. முந்தைய நாள் அதே பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. கை கற்பதும் அறிவு கற்பதும் வேறு வேறு வழிகளில் நடக்கின்றன. அதனால்தான், "நிறுத்திவிட்டுக் கை வை" என்று பட்டறைக்காரர் ஒருமுறை சொன்னது புதியவரின் மனதில் ஏறினாலும் கையில் ஏறுவதில்லை. கைக்குச் சொல்ல ஒரே மொழி, செய்து பார்ப்பதுதான்.

1996-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். கையை ஒரு பக்கம் தள்ளும் இயந்திரப் பிடியோடு பழகக் கற்றவர்களுக்கு, உடனே அதற்கு நேர்மாறான இரண்டாவது பாடத்தைக் கொடுத்தால் முதல் பாடம் அழிந்துபோனது. நான்கு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தபோது முதல் பாடம் நிலைத்தது. கற்ற அசைவு மூளையில் உறைவதற்கு அவகாசம் வேண்டும். காலையில் பழைய தறி, பகலில் புதுத் தறி என்று ஒரே ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவது, இரண்டையும் அரைகுறையாக்கும் ஏற்பாடு.

பனியில் பூட்டிய கால்கள்

புதுக் கருவிக்கும் காயத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாக அளந்து பார்த்த இடங்களில் ஒன்று, நமக்கு வெகு தொலைவில் உள்ள பனிமலை. இப்போது அது அவ்வளவு தொலைவும் இல்லை. நம் பக்கத்து இளைஞர்கள் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் அவுலிக்கும் போய் வாடகைப் பனிச்சறுக்குப் பலகையில் ஏறுகிறார்கள். குல்மார்க்கில் 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து பனிச்சறுக்கு கற்கிறார்கள்.

ஸ்னோபோர்டு என்னும் பனிப்பலகையின் முன்னோடி 1965 கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் பிள்ளைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பூட்டினார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டானது. இரட்டைக் கட்டைகளில் சறுக்குபவர் விழுந்தால், குறிப்பிட்ட விசையைத் தாண்டியதும் கட்டை காலிலிருந்து கழன்றுகொள்ளும். பனிப்பலகையில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும், அது கழலாது.

நிலை தவறினால் ஒரு காலை எடுத்து வைத்து விழாமல் தப்புவது, நடை பழகிய நாள் முதல் நம் உடல் செய்துவரும் அசைவு. பலகையில் அந்தக் கால் வராது. வராது என்று உடலுக்குத் தெரிவதற்குள் கை நீண்டு தரையில் ஊன்றிவிடுகிறது. முழு எடையும் விரிந்த உள்ளங்கையில் இறங்க, மணிக்கட்டருகே ஆர எலும்பு முறிகிறது. இந்த விளையாட்டில் மிக அதிகமாகக் காயப்படும் உறுப்பு மணிக்கட்டு. மிக அதிகமாகக் காயப்படுபவர்கள் முதல் சில நாட்களில் இருப்பவர்கள். தறியில் பாவுக்குள் போன கையும், பனியில் ஊன்றிய கையும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. பழைய உலகத்துக்குச் சரியான பதிலைப் புதிய உலகத்தில் கொடுக்கின்றன.

பழகியவருக்கும் பலகை மாறினால் ஆபத்து உண்டு. பலகையின் இரு பக்கமும் இரும்பு விளிம்பு ஓடுகிறது. உடலைச் சாய்த்து விளிம்பைப் பனியில் பதித்துத்தான் திரும்ப வேண்டும். பழைய பலகையின் மழுங்கிய விளிம்புக்குப் பழகியவர் அதே அளவு சாய்த்தால், புதுப் பலகையின் கூர்விளிம்பு திடுமெனப் பற்றிக்கொள்ளும். சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் பலகை அங்கேயே நிற்க, உடல் மட்டும் கீழ்நோக்கி அடித்து விழுகிறது. குதிங்கால் பக்கம் மாட்டினால் பிடரி தரையில் மோதும். செங்குத்தான சரிவு இதற்குத் தேவையில்லை. மெல்லிய சரிவிலேயே கற்றுக்குட்டிகளுக்கு இது நடப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தடுக்க முடியுமா? நார்வேயில் 5,029 பனிப்பலகைக்காரர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான முடிவின்படி, காப்பு அணியாத குழுவில் 29 பேருக்கு மணிக்கட்டில் காயம், அணிந்த குழுவில் 8 பேருக்கு மட்டுமே. அதே நாட்டில் 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு, தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 60 விழுக்காடு குறைவு என்று காட்டியது. கற்றுக்கொள்ளும் காலத்தை நம்மால் இல்லாமல் செய்ய முடியாது. அந்தக் காலத்தில் உடலுக்கு மேல் ஒரு கவசத்தைப் போட முடியும்.

பலகையில் ஏறப்போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். காலணி இறுக்கமாக இருக்க வேண்டும், முழங்காலை மடக்கும்போது குதிங்கால் மேலே எழக் கூடாது. குதிங்கால் எழுந்தால் உடல் கொடுக்கும் கட்டளை பலகைக்குத் தாமதமாகவே போகும். தொடங்குபவருக்கு, நிறுத்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரும் நீளமும், எளிதில் வளையும் தன்மையும் கொண்ட பலகை நல்லது. எடை அதிகமென்றால் நீளம் கொஞ்சம் கூடலாம். எந்தக் கால் முன்னால் நிற்கும் என்பதைத் தரையிலேயே முடிவு செய்து, அதற்கேற்பக் காலைப் பூட்டும் பிடிகளைத் திருப்பிப் பொருத்தச் சொல்ல வேண்டும். எத்தனை அனுபவம் இருந்தாலும் புதுப் பலகையின் முதல் சில இறக்கங்கள் எளிய சரிவில் இருக்கட்டும். விழும்போது விரல்களை மடக்கி, முன்னங்கை முழுவதும் தரையில் படும்படி விழப் பழகுங்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் வலி விடாமல் இருந்தால் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பின் ஓர ஒடிவு இந்த விளையாட்டில் அதிகமாக வருவது, சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடக்கூடியது.

தசைக்கு வாரம், எலும்புக்கு மாதம்

மூளை சில நாட்களில் கணக்கைத் திருத்திக்கொண்டாலும் உடலின் மற்ற பாகங்கள் அந்த வேகத்தில் வருவதில்லை. பழக்கமில்லாத வேலை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கிறது. சிறு அளவில் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டாலே, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அந்தத் தசையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கொஞ்சமாகத் தொடங்குவதற்கு உடலே கொடுக்கும் பரிசு அது.

தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். எலும்பு, தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டுகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். அந்தத் திருத்த வேலையில் முதலில் பழைய எலும்பு அரித்து எடுக்கப்படுகிறது, பிறகே புதியது கட்டப்படுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகிறது. இடைப்பட்ட வாரங்களில் சுமை திடீரென ஏறினால் எலும்பில் நுண்விரிசல் விழும். புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்குக் காலெலும்பில் விரிசல் வருவது இதனால்தான்.

குழித்தறியில் உட்கார்ந்தே இருந்தவர் திடீரெனப் பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்றால், குதிங்காலும் முழங்காலும் இடுப்பும் இந்தக் காலக்கணக்குக்கு எதிராக வேலை செய்கின்றன. ஆடுசதை சுருங்கி விரியும்போதுதான் கால் ரத்தம் இதயத்தை நோக்கி மேலேறுகிறது. நடந்துகொண்டிருந்தால் இது நடக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, நாளடைவில் நரம்புச் சுருட்டலுக்கு வழிவிடுகிறது. கைக்கு வசதியான வேலை, நின்ற நிலையில் முழங்கை உயரத்தை ஒட்டி அமைவது. குட்டையான பெண்ணும் உயரமான ஆணும் ஒரே தறியை மாற்றி மாற்றிப் பார்க்கும் பட்டறையில், காலடியில் ஒரு மரப்பலகை போடுவதால் ஒருவருடைய தோள்வலி போய்விடக்கூடும்.

பழகுவதும் மரத்துப்போவதும்

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உடல் பழகிவிட்டது என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையான பழக்கம். அதில் அசைவு திருந்தும், தசை வலுக்கும், எலும்பு தடிக்கும். இன்னொன்று உணர்வு மங்குவது. வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் இரண்டிலும் தொல்லை குறைகிறது.

தறிச் சத்தம் இரண்டாவது வகை. முதல் வாரம் காது இரைகிறது, தலை வலிக்கிறது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது புரிவதில்லை. ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். சாதா விசைத்தறிகள் ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், 91 டெசிபலில் இரண்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் இந்த அதிர்வில் தளர்ந்து, பிறகு மடிகின்றன. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகள். சாதாரணப் பேச்சு கேட்டுக்கொண்டிருப்பதால் இழப்பு யாருக்கும் தெரிவதில்லை. சத்தம் பழகிவிட்டது என்று நெசவாளர் சொல்லும் நாளில் அவர் காதின் ஒரு பகுதி போயிருக்கக்கூடும்.

பஞ்சுத்தூசிக்கும் இதுவே பொருந்தும். பனிமலையில் காலணி இறுக்கி விரல் மரத்துப்போவதற்கும் பொருந்தும். ஒரு தொல்லை குறையும்போது நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: என் வேலை திருந்தியிருக்கிறதா, அல்லது வலி மட்டும் கேட்காமல் போயிருக்கிறதா? வேலையும் சேர்ந்து திருந்தியிருந்தால் அது பழக்கம். வலி மட்டும் மறைந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

உடல் எந்த நாளும் பழக முடியாத தொல்லைகளில் கருவிதான் மாற வேண்டும். பழைய நாடாவில் ஊடை நூலை வாயால் உறிஞ்சித் துளைவழி இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க, நோய் பரவியது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911-இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. கவனமாக உறிஞ்சுங்கள் என்று யாரும் அறிவுரை சொல்லவில்லை, வாயே வைக்கத் தேவையில்லாத நாடா வந்தது. நாடா பறந்து வெளியே வராமல் தடுக்கும் கம்பியும், சுழலும் பாகங்களை மூடும் தகடும், காதடைப்பானும் அந்த வரிசையில் வருபவை.

முதல் மாதம்

தறி வாங்கும் பட்டறைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். புது ஆளுக்கும், புதுத் தறிக்கு மாறும் பழைய ஆளுக்கும், முதல் மாதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு தறி போதும். நிறுத்துவதையும் ஓட்டுவதையும், இழை அறாதபோதே நூறு முறை செய்ய வையுங்கள், கை அதைக் கற்கட்டும். தறி, நேரம், இரவு வேலை என மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். கற்ற அசைவு மூளையில் நிலைக்கத் தூக்கம் உதவுகிறது, தூங்காதவருக்குப் பாடமும் தங்காது, கவனமும் தங்காது. தாவணி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் துண்டு எதுவும் ஓடும் தறியருகே வேண்டாம். வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு அவர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த மாதத்தில் துணி குறைவாகத்தான் இறங்கும். அந்தக் குறைவையும் தறி விலையோடு சேர்த்தே கணக்கில் எழுதுங்கள், மீட்டர் கணக்கில் அவர் கூலியில் பிடிக்காதீர்கள். மீட்டருக்குக் கூலி என்று விட்டுவிட்டால், பழகாத கைதான் எல்லோரையும்விட அவசரப்படும்.

நெசவாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய தறியில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரரோ, புதுத் தறியில் உங்கள் கை அவ்வளவு வேகமாகத் தப்பான இடத்துக்குப் போகும். அனுபவசாலி என்ற பெயருக்காகப் பயிற்சியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு மாதம் நிதானமாகப் பழகியவரை யாரும் குறைவாக மதிக்கப்போவதில்லை. போன விரல் திரும்ப வராது.